பப்பாளி வளையப்புள்ளி நோய்: வலையா, மிதமான வைரஸா, மரபணு மாற்றமா, மரபணுத் திருத்தமா?

பப்பாளித் தோட்டத்துக்குள் வளையப்புள்ளி நோய் வந்துவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது கொழுந்து இலைதான். உச்சியில் விரியும் இளம் இலையின் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் தேமல் படரும்; அடுத்தடுத்து வரும் இலைகளின் பரப்பு சுருங்கி, மடல்கள் நாடாவைப்போல் மெலிந்துவிடும். இலைக்காம்பிலும் தண்டின் மேற்பகுதியிலும் எண்ணெய் பட்டதுபோன்ற கரும்பச்சைக் கீற்றுகள் தென்படும். காயின் தோலில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும் காலத்தில், அந்த மரத்தைக் காப்பாற்றும் பேச்சுக்கே இடமில்லை. பூப்பதற்கு முன்பே நோயுற்ற கன்று பெரும்பாலும் விற்கத்தக்க காயைத் தருவதில்லை. காய் பிடித்த பிறகு நோயுற்ற மரம் சில பறிப்புகளைத் தரும், ஆனால் பழத்தின் இனிப்பும் அளவும் குறைந்துவிடும்.

நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. ஆகவே முடிவு எதுவானாலும் அது நோய் வருவதற்கு முன் எடுக்கப்பட வேண்டிய முடிவு. உலகில் பப்பாளி விளையும் நாடுகள் இதற்காகக் கைக்கொண்ட வழிகள் பல: வலைக்குள் பயிரிடுதல், தாங்கும் திறனுள்ள இரகங்களை நடுதல், மிதமான வைரஸை முன்கூட்டியே செலுத்துதல், வைரஸின் மரபணுவையே பப்பாளிக்குள் வைத்தல், இப்போது பப்பாளியின் சொந்த மரபணுவைத் திருத்துதல். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு வழியும் வைரஸின் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தை மறிக்கிறது, அந்த இடத்தில் உலவும் வைரஸ் திரிபு அந்தத் தடைக்குக் கட்டுப்படுமா என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தீர்மானிக்கின்றன. ஹவாய்த் தீவுகளில் பெருவெற்றி பெற்ற ஒரு செடியை அப்படியே கொண்டுவந்து கோயம்புத்தூரில் நட்டால் ஏன் அதே பலன் கிடைக்கும் என்று நம்ப முடியாது என்பதும் அங்கேதான் விளங்கும்.

வைரஸ் செய்யும் வேலை

பப்பாளி வளையப்புள்ளி வைரஸ், போட்டிவைரஸ் (potyvirus) என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அது ஒரு செல் அல்ல. தனக்கென உணவையோ ஆற்றலையோ ஆக்கிக்கொள்ளும் உறுப்பு எதுவும் அதற்கு இல்லை. மரபுச் செய்தியைத் தாங்கும், ஏறத்தாழ 10,300 எழுத்துகள் கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ., அதைச் சுற்றி ஒரே வகைப் புரதத்தின் சுமார் 2,000 படிகளால் ஆன உறை, அவ்வளவே அதன் உடல். நீளம் 760 முதல் 800 நானோமீட்டர், தடிமன் சுமார் 12 நானோமீட்டர். மின்னணு நுண்ணோக்கியில் வளைந்து நெளியும் மெல்லிய நூல்போலத் தெரியும்.

இந்த நூல் பப்பாளியின் செல்லுக்குள் புகுந்ததும் உறை கழன்றுவிடுகிறது. வெளிப்பட்ட ஆர்.என்.ஏ.வை, செல்லில் புரதம் ஆக்கும் ரைபோசோம் தன்னுடைய செய்தி என்றே எண்ணிப் படிக்கத் தொடங்குகிறது. அப்படிப் படிக்கவைப்பதற்கு ஒரு கைப்பிடி தேவை: வைரஸின் ஆர்.என்.ஏ. முனையில் ஒட்டியிருக்கும் சிறு புரதம், செடியின் இ.ஐ.எஃப்.4இ என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. செடியின் செல் தன் சொந்தச் செய்திகளைப் படிக்கப் பயன்படுத்தும் புரதம் அது. வைரஸ் அதைத் தனக்காக வளைத்துக்கொள்கிறது. பின்னர் ஒரே நீண்ட புரதச் சங்கிலி உருவாகி, வைரஸின் சொந்த நொதிகளே அதைப் பத்து முதன்மைப் புரதங்களாக வெட்டிப் பிரிக்கின்றன. அவற்றுள் ஒன்று ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி. எழுத்துப் பிழையைத் திருத்தும் திறன் அந்த நொதிக்கு இல்லாததால், ஒவ்வொரு செடிக்குள்ளும் சற்றே வேறுபட்ட எண்ணற்ற படிகள் பிறக்கின்றன. ஊருக்கு ஊர் திரிபுகள் மாறுபடுவதற்கு வேர் இதுதான்.

செடியும் சும்மா இருப்பதில்லை. இரட்டை இழை ஆர்.என்.ஏ. கண்ணில் பட்டால் அதை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு, அவற்றோடு பொருந்தும் எந்த ஆர்.என்.ஏ.வையும் தேடி அழிக்கும் ஏற்பாடு தாவரங்களில் உண்டு. இதை ஆர்.என்.ஏ. ஒடுக்கம் என்று கூறலாம். வளையப்புள்ளி வைரஸ் அதற்கும் ஓர் எதிர்ப்புரதத்தை வைத்திருக்கிறது. அதே புரதம் மற்றொரு வேலையையும் செய்கிறது: நோயைச் செடிக்குச் செடி பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சியான அசுவினியின் ஊசிபோன்ற வாயுறுப்போடு வைரஸின் உறையை இணைக்கும் பாலமாகிறது.

அசுவினியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தோட்டத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பப்பாளியின் மேல் அசுவினிகள் கூட்டமாகக் குடியேறி வாழ்வது அரிது. பருத்தி, காராமணி, மிளகாய் போன்ற பயிர்களிலிருந்து இறக்கை முளைத்துப் பறந்து வருபவை வழியில் பப்பாளி இலையில் இறங்கி, இது தமக்கேற்ற செடிதானா என்று ஊசியைக் குத்திப் பார்த்துவிட்டு எழுந்து போகின்றன. அந்தக் குத்தல் சில வினாடிகளே நீடிக்கிறது; வைரஸை ஏற்றுக்கொள்ளவும் இறக்கிவிடவும் அதுவே போதும். இலையில் தெளித்த பூச்சிக்கொல்லி அசுவினியைக் கொல்லும், ஆனால் கொல்வதற்குள் அது அடுத்த கன்றையும் குத்தி முடித்திருக்கும். மருந்தின் உறுத்தலால் அமைதியிழந்த அசுவினி மேலும் பல செடிகளுக்குத் தாவவும் கூடும். ஆகவே பூச்சிமருந்தை இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே நான் சேர்க்கவில்லை. மற்றொரு செய்தி நமக்குச் சாதகமானது: வைரஸ் அசுவினியின் உடலுக்குள் பெருகுவதில்லை, வாயுறுப்பின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பதுடன் சரி. நோயற்ற வேறு செடிகளை இரண்டொரு முறை குத்தினாலே அது துடைக்கப்பட்டுவிடும்.

அசுவினியை மறிக்கும் வழிகள்

தைவான் இதில் முன்னோடி. அங்கே 1975-இல் இந்த வைரஸ் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளிலேயே மேற்குக் கரையின் வணிகத் தோட்டங்களை அழித்தது. பல ஆண்டுகள் நின்று காய்த்த பயிரை ஆண்டுதோறும் புதிதாக நட வேண்டிய நிலை வந்தது. பின்னர் முழுத் தோட்டத்தையும் வலைக்குடிலுக்குள் வைத்துப் பயிரிடும் முறை பரவியது. வைரஸ் எந்தத் திரிபாக இருந்தாலும் வலைக்கு ஒன்றுதான் என்பது இதன் பெரும்பலம். பலவீனம் செலவு. வலைக்குள் வெளிச்சம் குறைகிறது, காற்றோட்டம் குறைகிறது, புயற்காற்றில் கிழிந்தால் மீண்டும் முதலீடு தேவைப்படுகிறது. நல்ல விலைக்கு விற்கும் சந்தை அருகில் இருந்தால் மட்டுமே முழு வலைக்குடில் கட்டுபடியாகும்.

ஆனால் நாற்றங்காலை மட்டும் வலைக்குள் வைப்பது வேறு கணக்கு. பப்பாளி நடவுக்குப் பின் மூன்று முதல் ஐந்து மாதங்களில் பூக்கிறது. எட்டு முதல் பத்து மாதங்களில் முதல் பறிப்பு கிடைக்கிறது. நோய் வரவே கூடாது என்பது எட்ட முடியாத இலக்காக இருக்கும் இடத்தில், நோயை எத்தனை மாதம் தள்ளிப்போட முடிகிறது என்பதே வருமானத்தை நிர்ணயிக்கிறது. நுண்துளை வலைக்குள் வளர்த்த, தேமல் எதுவும் இல்லாத கன்றை நடுவது முதல் சில வாரங்களைப் பாதுகாக்கிறது. வைரஸ் விதை வழியே பரவுவதில்லை என்றே பொதுவாகக் கொள்ளப்படுவதால், விதையிலிருந்து வரும் நாற்று அசுவினிக்கு எட்டாமல் இருந்தால் சுத்தமாகவே இருக்கும்.

தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளம், சோளம், அகத்தி போன்றவற்றை இரண்டு மூன்று வரிசைகளாக, பப்பாளி நடவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே வளர்ப்பது அடுத்த அரண். வேலிப்பயிர் காற்றையும் அசுவினியையும் தடுத்து நிறுத்துகிறது என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அசுவினியின் வாயைத் துடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் அசுவினி முதலில் சோளத்தைக் குத்திப் பார்க்கும். சோளத்தில் இந்த வைரஸ் வளராது. நுனியில் ஒட்டியிருந்த துகள்கள் அங்கேயே இறங்கிவிடும். பூசணி, வெள்ளரி, சுரை ஆகியவற்றை அருகில் வைக்கக் கூடாது என்பதற்கும் உயிரியல் காரணம் உண்டு. இந்த வைரஸில் இரண்டு வகைகள் உள்ளன: ஒன்று பூசணிக் குடும்பத்தை மட்டும் தாக்கும், மற்றொன்று பப்பாளியையும் பூசணிக் குடும்பத்தையும் தாக்கும். இரண்டாம் வகைக்குப் பூசணிக் கொடி ஒரு தங்குமிடம் ஆகிவிடுகிறது.

தேமல் கண்ட கன்றை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துவது எல்லாரும் அறிந்த அறிவுரை. மிகக் கடினமானதும் அதுதான். எருவிட்டு நீர் பாய்ச்சி வளர்த்த கன்றைக் காய் பிடிக்கும் நேரத்தில் வெட்டியெறிய எவருக்கும் மனம் வராது. ஒருவர் வெட்டி, பக்கத்துத் தோட்டக்காரர் வெட்டாமல் விட்டால் பலனும் இல்லை. நோய் பரவல் குறைவாக இருக்கும் தொடக்கக் காலத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. மாவட்டம் முழுவதும் வைரஸ் வேரூன்றிவிட்ட பிறகு இதன் மதிப்பு வேகமாகச் சரிகிறது.

தாங்கும் இரகங்களும் காட்டுச் சொந்தங்களும்

தாங்கும் திறன் வேறு, எதிர்ப்புத் திறன் வேறு. தைவானிலிருந்து வந்து இந்தியாவில் பரவலாகப் பயிராகும் ரெட் லேடி போன்ற இரகங்கள் ஓரளவு தாங்குபவை என்று விற்கப்படுகின்றன. தாங்கும் மரத்துக்குள் வைரஸ் பெருகிக்கொண்டேதான் இருக்கும். மரம் அதைப் பொறுத்துக்கொண்டு காய்க்கும். அந்த மரத்தின் உரிமையாளருக்கு அது நல்லது, சுற்றியிருக்கும் தோட்டங்களுக்கு அது ஓயாத வைரஸ் ஊற்று.

உண்மையான எதிர்ப்புத் திறன் பப்பாளி இனத்துக்குள் கிடைக்கவில்லை. அது வாஸ்கான்செல்லியா என்ற தென்னமெரிக்கக் காட்டுச் சொந்தங்களில் இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் கரு பெரும்பாலும் விதைக்குள்ளேயே அழிந்துவிடுகிறது. ஆய்வகத்தில் கருவை மீட்டு வளர்த்தாலும் செடி மலடாக நிற்பது வழக்கம். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வாஸ்கான்செல்லியா காலிஃப்ளோராவுடன் கலப்பினம் உருவாக்கப் பாடுபட்டிருக்கிறது; ஆஸ்திரேலிய, பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் மற்றொரு காட்டினத்துடன் முயன்று, கலப்பினத்தை மீண்டும் பப்பாளியோடு கலக்கும் மீள்கலப்பு வரை சென்றிருக்கிறார்கள். எந்த ஒழுங்குமுறைச் சிக்கலும் இல்லாத வழி இது. ஆனால் பல பதிற்றாண்டுகள் கேட்கும் வழி, பழத்தின் சுவையை இழக்காமல் முடிவுக்கு வருமா என்பதும் உறுதியில்லை.

மிதமான வைரஸைக் கொண்டு கடும் வைரஸைத் தடுத்தல்

ஒரு வைரஸின் மிதமான வடிவம் முன்பே புகுந்திருந்தால், அதன் கடுமையான உறவினரால் அதே செடிக்குள் பெருக முடிவதில்லை என்பதை 1929-இல் மெக்கின்னி புகையிலைத் தேமல் வைரஸில் கண்டார். பிரேசிலில் எலுமிச்சைக் குடும்பத்தின் டிரிஸ்டெசா வைரஸுக்கு எதிராகக் கோடிக்கணக்கான ஆரஞ்சு மரங்கள் இந்த முறையில் காக்கப்பட்டன. பப்பாளிக்கும் இதைச் செய்யலாம் என்று முயன்றவர்கள் தாவர நோய் ஆய்வாளர்களான யே ஷி-டாங்கும் டென்னிஸ் கொன்சால்வஸும். ஹவாய்த் திரிபை நைட்ரஸ் அமிலத்தில் இட்டுப் பிறழ்வுகளை உண்டாக்கி, அவற்றுள் எச்.ஏ. 5-1 என்ற மிதமான திரிபைத் தேர்ந்தெடுத்து 1984-இல் அறிவித்தார்கள்.

காகிதத்தில் இது அழகான வழி. தோட்டத்தில் மூன்று முட்டுக்கட்டைகள் வந்தன. ஒவ்வொரு கன்றுக்கும் தனித்தனியே வைரஸைத் தேய்த்துச் செலுத்த வேண்டும். அதற்காக மிதமான வைரஸை ஓயாமல் வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும். மிதமான திரிபே சில இரகங்களின் இலையிலும் பழத்திலும் அடையாளங்களைக் காட்டியது. தோலில் வளையம் உள்ள பழத்தை, அது தீங்கற்ற வளையம் என்று சொல்லி விற்க முடியாது. மூன்றாவது, திரிபு சார்ந்தது: ஹவாயின் மிதமான வைரஸ் தைவானின் கடும் திரிபுக்கு எதிரே, நோய் அழுத்தம் மிகுந்த வயல்களில் அடிக்கடி தோற்றது. இவற்றோடு, பெருகிப் பிழைகளைச் சேர்த்துக்கொண்டே போகும் ஓர் உயிர்ப்பொருளை வேண்டுமென்றே ஊர் முழுக்கப் பரப்புகிறோம் என்ற அச்சமும் நியாயமானதே. இன்றைய நிலையில் புதிதாக யாரும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. ஆனால் அடுத்த வழிக்கு விதை இதுவே, எச்.ஏ. 5-1 இன் ஒரு மரபணு இன்றும் ஹவாயின் தோட்டங்களில் இருக்கிறது.

ஹவாய் எடுத்த முடிவு

வைரஸ் முழுவதும் தேவையில்லை, அதன் உறைப் புரதத்தின் மரபணு மட்டும் செடியில் இருந்தாலே போதும் என்பதை 1986-இல் ரோஜர் பீச்சியின் குழு புகையிலையில் காட்டியது. கொன்சால்வஸ், அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், ஹவாயிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தத் தீவுகளின் பப்பாளி வரலாறு அவருக்குத் தெரியும்: 1940-களில் ஓவாஹுத் தீவில் வைரஸ் தென்பட்டது, பின்னர் தொழில் முழுவதும் ஹவாய்ப் பெருந்தீவின் புனா வட்டாரத்துக்கு இடம்பெயர்ந்தது, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹீலோ நகரில் வைரஸ் ஏற்கெனவே இருந்தது. அது எந்நாளும் புனாவுக்கு வரலாம் என்ற கணிப்பின் பேரில்தான் வேலை முன்கூட்டியே தொடங்கப்பட்டது. ரிச்சர்ட் மன்ஷார்ட், மோரீன் ஃபிட்ச், ஜெர்ரி ஸ்லைட்டம் ஆகியோர் அதில் இணைந்தார்கள்.

எச்.ஏ. 5-1 இன் உறைப் புரத மரபணுவை நுண்ணிய டங்ஸ்டன் துகள்களில் பூசி, மரபணுத் துப்பாக்கி என்று அழைக்கப்படும் கருவியால் பப்பாளியின் கருத்திசுக்களுக்குள் செலுத்தினார்கள். பிழைத்த செடிகளுள் 55-1 என்ற செடிவழி (ஒரே செடியிலிருந்து பெருக்கிய வரிசை) மட்டும் வைரஸுக்கு அசையவில்லை. 1992-இல் ஓவாஹுவில் அதன் வயல் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே, அந்த ஆண்டு மே மாதம், புனாவில் வைரஸ் கண்டறியப்பட்டது. 1992-இல் சுமார் 24,000 டன் விளைவித்த அந்த வட்டாரம் 1998-இல் அதில் ஏறத்தாழப் பாதியைத்தான் விளைவித்தது. 1995-இல் புனாவிலேயே நோய் சூழ நடப்பட்ட சோதனையில், மாற்றம் செய்யப்படாத கன்றுகள் ஓராண்டுக்குள் அனைத்தும் நோயுற்றன. மாற்றப்பட்டவை பச்சைப் பசேலென்று நின்றன.

55-1 செடிவழியிலிருந்து சிவந்த சதையுள்ள சன்அப் என்ற இரகம் பிறந்தது. ஆனால் புனாவின் விவசாயிகள் கபோஹோ என்ற மஞ்சள் சதை இரகத்தைத்தான் விரும்பினார்கள். அந்த மண்ணுக்கும் கப்பல் பயணத்துக்கும் பொருந்தியது அது. ஆகவே சன்அப்பையும் கபோஹோவையும் கலந்து ரெயின்போ என்ற முதல் தலைமுறைக் கலப்பினம் உருவாக்கப்பட்டது. மஞ்சள் நிறம் மேலோங்கும் பண்பாதலால் ரெயின்போவின் சதை மஞ்சளாகவே அமைந்தது. அமெரிக்க வேளாண் துறை, சுற்றுச்சூழல் முகமை, உணவு மருந்து நிர்வாகம் ஆகியவற்றின் பரிசீலனை 1996, 1997 ஆண்டுகளில் முடிந்தது; விதை நிறுவனமான மான்சான்டோ உள்ளிட்ட காப்புரிமை உடையோரிடம் உரிமங்கள் பெறப்பட்டன; 1998 மே மாதம் விதைகள் விவசாயிகளுக்கு விலையின்றி வழங்கப்பட்டன. பொது நிறுவனம் ஒன்று, ஒரு சிறு பயிரின் சிறு விவசாயிகளுக்காக, இலாபம் கருதாமல் செய்த வேலை இது. மரபணு மாற்றம் என்றாலே பெருநிறுவனத்தின் விதை என்று எண்ணுவோர் இந்த ஒரு நிகழ்வையாவது தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உண்பது பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு உயிரியல் நேரான விடை தருகிறது. வைரஸ் தாக்கிய பழத்தைத் தலைமுறைகளாக மக்கள் உண்டுவருகிறார்கள். அந்தப் பழத்தில் உள்ள உறைப் புரதம், மாற்றப்பட்ட பழத்தில் உள்ளதைவிட மிகுதி. மாற்றப்பட்ட செடியைக் காப்பது அந்தப் புரதமே அன்று என்பதும் பின்னர் தெரியவந்தது. செலுத்தப்பட்ட மரபணுவின் ஆர்.என்.ஏ. துண்டாக்கப்பட்டு, செடியின் ஒடுக்கும் ஏற்பாடு முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது. வைரஸ் நுழையும்போது அதன் ஆர்.என்.ஏ. அந்தத் துண்டுகளோடு பொருந்துவதால் உடனே அழிக்கப்படுகிறது.

பலமும் பலவீனமும் அந்தப் பொருத்தத்திலேயே உள்ளன. எழுத்துகள் போதிய அளவு ஒத்திருந்தால்தான் காப்பு. ஹவாய்த் திரிபுகளுக்கு எதிராக உறுதியாக நின்ற ரெயின்போ, அதற்கு வெளியே தைவான், தாய்லாந்து போன்ற இடங்களின் திரிபுகளுக்கு ஆய்வகத்தில் ஆட்பட்டது. மரபணுவின் ஒரு படியை மட்டும் கொண்ட ரெயின்போவைவிட இரண்டு படிகள் கொண்ட சன்அப் பரந்த காப்பைக் காட்டியது. தைவானில் உள்ளூர்த் திரிபின் மரபணுவைக் கொண்டே உருவாக்கிய செடிகள் வளையப்புள்ளி வைரஸை வென்றன. ஆனால் வயல் சோதனையில் இலை உருக்குலைவுத் தேமல் வைரஸ் என்ற வேறொரு போட்டிவைரஸ் வந்து அவற்றைத் தாக்கியது. சீனம் 2006-இல் உறைப் புரதத்துக்குப் பதிலாக உள்ளூர்த் திரிபின் படியெடுக்கும் நொதியின் மரபணுவைக் கொண்ட இரகத்துக்கு அனுமதி அளித்தது.

சந்தையும் எளிதாக வழிவிடவில்லை. ஹவாயின் பெரிய வாடிக்கையாளரான ஜப்பான் 2011 டிசம்பரில்தான் இந்தப் பழத்தை ஏற்றது. அதுவரை ஏற்றுமதிக்கென மாற்றப்படாத கபோஹோவையும் தனியே விளைவிக்க வேண்டியிருந்தது. இங்கே எதிர்பாராத உதவி ஒன்று கிடைத்தது: சுற்றிலும் ரெயின்போ நின்றதால் வட்டாரத்தில் வைரஸ் ஊற்றுகள் குறைந்து, மாற்றப்படாத மரங்களும் காய்க்க முடிந்தது. தாய்லாந்தில் கதை எதிர்மாறாக முடிந்தது. 2004-இல் ஆய்வு நிலையத்திலிருந்து மாற்றப்பட்ட விதைகள் வெளியே சென்ற விவகாரம் எழுந்து, வயல் சோதனைகள் நிறுத்தப்பட்டன. பப்பாளியின் மகரந்தம் பறக்கும், விதை கைமாறும். விதைக் கட்டுப்பாடு இல்லாத நாட்டில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

திருத்தம் என்ற புதிய வாய்ப்பு

பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸ்களின் டி.என்.ஏ. துண்டுகளை நினைவாகச் சேமித்து, மீண்டும் அதே வைரஸ் வந்தால் வெட்டி அழிக்கும் ஏற்பாட்டிலிருந்து பிறந்தது கிரிஸ்பர் என்ற கருவி. 2012-இல் ஜெனிஃபர் டவுட்னா, எம்மானுவேல் சார்பென்டியே ஆகியோர் அதை விரும்பிய இடத்தில் வெட்டும் கத்தரியாக மாற்றிக்காட்டினார்கள்; 2020-இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார்கள். இங்கே வைரஸின் மரபணு எதையும் செடிக்குள் வைப்பதில்லை. முன்பு சொன்ன கைப்பிடியை, அதாவது இ.ஐ.எஃப்.4இ புரதத்தின் மரபணுவை, வைரஸ் பற்ற முடியாதபடி சிதைப்பதே நோக்கம்.

இது மனிதன் கண்டுபிடித்த தந்திரம் அன்று. மிளகாயிலும் பட்டாணியிலும் லெட்யூஸ் கீரையிலும் போட்டிவைரஸ்களுக்கு எதிராக நெடுங்காலம் பயன்பட்டுவரும் இயற்கை எதிர்ப்புத் திறன்கள், இந்தப் புரதக் குடும்பத்தில் நேர்ந்த சிறு பிறழ்வுகளே. 2016-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெள்ளரியில் இந்த மரபணுவைக் கிரிஸ்பரால் சிதைத்தார்கள். பின்னர் வந்த தலைமுறைகளில் கிரிஸ்பர் கருவியின் மரபணு முற்றிலும் பிரிந்துபோன செடிகளைத் தேர்ந்தெடுத்தபோது, அவை வளையப்புள்ளி வைரஸின் பூசணி வகை உள்ளிட்ட மூன்று வைரஸ்களை எதிர்த்து நின்றன. பப்பாளியின் வைரஸுக்கு மிக நெருங்கிய உறவினர் தோற்ற சோதனை அது.

உறைப் புரத வழியோடு ஒப்பிட்டால் இதற்கு மூன்று மேன்மைகள் உள்ளன. வைரஸின் எழுத்துகள் ஊருக்கு ஊர் மாறினாலும் அது பற்ற வேண்டிய கைப்பிடி ஒன்றுதான், ஆகவே காப்பு பரந்ததாக அமைய வாய்ப்புண்டு. ஒரே மாற்றம் வேறு போட்டிவைரஸ்களையும் தடுக்கக்கூடும். தைவானில் நேர்ந்ததைப் போன்ற ஏமாற்றத்தின் வாய்ப்பு குறைகிறது. மூன்றாவது, அயல் மரபணு இறுதிச் செடியில் இல்லை. இந்தியாவில் இந்த மூன்றாவது கூறு பெரிது. உணவுக்கான மரபணு மாற்றப் பயிர் எதுவும் இங்கே வணிகச் சாகுபடியில் இல்லை, 2002-இல் அனுமதி பெற்ற பருத்தி மட்டுமே வயலில் நிற்கிறது, பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய் 2010 முதல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. ஆனால் 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல் மரபணு இல்லாத திருத்தப் பயிர்களை, மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து விலக்கியது. 2025 மே மாதம் அந்த வழியில் வந்த இரண்டு நெல் இரகங்கள் அறிவிக்கப்பட்டன.

குறைகளையும் மறைக்கக் கூடாது. இந்தக் கைப்பிடிக்கு ஓர் இணைப்புரதம் செடியில் உண்டு. ஒன்றைச் சிதைத்தால் வைரஸ் மற்றொன்றைப் பற்றப் பழகக்கூடும். இரண்டையும் சிதைத்தால் செடியே வாடும். வைரஸின் முனைப் புரதத்தில் ஏற்படும் ஒரு சில எழுத்து மாற்றங்கள் எதிர்ப்பை முறியடித்த நிகழ்வுகள் மிளகாயிலும் பட்டாணியிலும் பதிவாகியுள்ளன. உறைப் புரத வழியோ ஹவாயில் 1998 முதல் வயலில் நின்று தன்னை மெய்ப்பித்திருக்கிறது. வணிகத் தோட்டத்தில் நின்ற திருத்தப்பட்ட பப்பாளி என்று காட்ட இன்னும் எதுவும் இல்லை.

இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை இலையில் தெளித்து ஒடுக்கத்தை விழிக்கச் செய்யும் முறையும் பேசப்படுகிறது. 2017-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் அதைக் களிமண் நுண்தகடுகளில் ஏற்றித் தெளித்து, புகையிலையில் சுமார் 20 நாட்கள் காப்பைக் கண்டார்கள். இரண்டாண்டு நிற்கும் பப்பாளிக்கு அந்தக் கால அளவு போதாது. நாற்றங்காலிலும் நடவை ஒட்டிய வாரங்களிலும் மட்டும் இது பயன்படலாம்.

இப்போது நடுபவரும், இனி உருவாக்குபவரும்

இந்தப் பருவத்தில் கன்று வாங்கப்போகும் விவசாயியின் முன் மரபணு வழிகள் எதுவும் இல்லை. அவருக்கு என் விடை தெளிவானது: வலைக்குள் வளர்ந்த நாற்று, முன்கூட்டியே எழுப்பிய சோள வேலி, பூசணிக் குடும்பம் இல்லாத சுற்றுப்புறம், தாங்கும் இரகம், முதல் ஆறு மாதங்களில் தயக்கமின்றிப் பிடுங்குதல். இவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பது பலன் தராது. ஒவ்வொன்றும் சில வாரங்களைத்தான் வாங்கித் தரும், அந்த வாரங்கள் சேர்ந்தால்தான் பறிப்பு. அண்டைத் தோட்டங்களில் ஏற்கெனவே தேமல் மரங்கள் நின்று, அவற்றை அகற்ற உரிமையாளர்கள் ஒப்பாவிட்டால், அந்த ஆண்டு அங்கே பப்பாளியைத் தவிர்த்து வேறு பயிருக்குப் போவதே மேல்.

ஆய்வு நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உரிய முடிவு வேறு. ஹவாயின் செடியை இறக்குமதி செய்வது பொருளற்றது. உள்ளூர்த் திரிபின் உறைப் புரதத்தைக் கொண்டு புதிதாக ஒரு செடியை உருவாக்குவது அறிவியல்படி இன்றும் மிக உறுதியான வழி. ஆனால் அனுமதி எப்போது கிடைக்கும் என்று எவராலும் கூற முடியாத நாட்டில், ஆய்வாளர் ஒருவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அதில் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பிடி மரபணுவைத் திருத்தும் வழிக்கே முதலிடம் தருவேன். அதைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: தமிழ்நாட்டின் பப்பாளி வட்டாரங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் நோயுற்ற இலைகளைச் சேகரித்து, அவற்றிலுள்ள வைரஸ்களின் ஆர்.என்.ஏ.வை முழுமையாக வரிசைப்படுத்தி, பப்பாளியின் இரண்டு கைப்பிடிப் புரதங்களுள் எதை அவை பற்றுகின்றன என்று கண்டறிய வேண்டும். திருத்தப்பட்ட முதல் செடி உருவானதும் அதை ஒரே திரிபால் சோதித்துவிட்டு விடாமல், சேகரித்த திரிபுகள் அனைத்தாலும், இரண்டு மூன்றைக் கலந்தும், குறைந்தது இரண்டு பருவங்கள் திறந்த வயலில் அசுவினிகளின் நடுவே நிறுத்திப் பார்க்க வேண்டும். தைவானின் செடி தோற்றது அப்படி ஒரு திறந்த வயலில்தான்.